பூட்டின் எண் மாறக்கூடாது: தாயக்கட்டையில் ஒரு ரோல்பிளே ஆட்டம்

இரண்டு பித்தளைத் தாயக்கட்டையும் ஒரு பை சோழியும் வைத்து ஆடும் ரோல்பிளே ஆட்டத்துக்கு விதி எழுதிக்கொண்டிருந்தேன். கோடை விடுமுறையில் தொடங்கிய வேலை. பாத்திரங்களின் திறமை ஏறும் முறையும் காரியங்களின் கடினம் ஏறும் முறையும் இப்போதுதான் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன. காரைக்குடியில் எங்கள் வீட்டு வளவில் அக்கா பிள்ளைகளும் பக்கத்துத் தெருப் பிள்ளைகளும் ஆடி ஆடித் திருத்திய விதிகள் இவை. வேறு யாராவது செய்து பார்க்க நினைத்தால் உதவும் என்று, எது எந்த வரிசையில் நடந்ததோ அப்படியே எழுதுகிறேன்.

இந்த வகை ஆட்டத்தில் ஒருவர் கதையை நடத்துவார், அவரை ஜி.எம். (கேம் மாஸ்டர்) என்போம். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து, என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்லுவார்கள். முடிவு நிச்சயமில்லாத இடத்தில் கட்டை உருளும். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் தொடங்கிவைத்த வழி. எங்களுக்கு டிராகன் வேண்டியிருக்கவில்லை. ஆயிரம் சன்னல் வீடுகளுக்கு நடுவே வளரும் பிள்ளைகள், இதெல்லாம் எந்தக் காசில் கட்டியது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அதனால் கதை 1927இல் பர்மாவில், ரங்கூன் மொகல் தெருவில் செட்டியார் ஒருவரின் கற்பனை வட்டிக்கடையில் தொடங்குகிறது. எல்லாரும் பெட்டியடிப் பையன்கள், கடையின் கடைசிப் படி. அங்கிருந்து அடுத்தாள் (உதவி ஏஜண்டு), பிறகு மேலாள் (கடையை நடத்தும் ஏஜண்டு). திறமை ஏறும் ஆட்டத்துக்குப் படிகளை நான் கற்பனை செய்ய வேண்டியதே இல்லை, செட்டியார் கடைகளிலேயே இருந்தன.

கட்டை

முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் பழைய தாயக்கட்டை பார்த்தேன். 600 ரூபாய்க்குக் கீழே யாரும் தரவில்லை, விளிம்பும் தேய்ந்து உருண்டிருந்தது. பாத்திரக்கடையில் புது ஜோடி 280 ரூபாய்க்குக் கிடைத்தது. 7 செ.மீ. நீளம், நான்கு முகம். மூன்று முகங்களில் 1, 2, 3 என்று குழிப்புள்ளிகள், நான்காவது வெறுமை.

புதுக்கட்டை என்றால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி விதி எழுத உட்காராதீர்கள். முதலில் உருட்டி உருட்டிக் கோடு போட்டு எண்ணுங்கள். ஒரு கட்டையில் 1ம் 3ம் சேர்ந்து பாதி வரவேண்டிய இடத்தில் ஐந்தில் மூன்று பங்கு வந்தது. வெர்னியர் அளவுகோல் வைத்துப் பார்த்ததில் காரணம் தெரிந்தது. எதிரெதிராக இருந்த 1, 3 முகங்களின் அகலம் 9.4 மி.மீ.; 2, வெறுமை முகங்களின் அகலம் 9.0 மி.மீ. அகலமான முகம் தரையில் நன்றாகப் படிந்து நின்றுவிடுகிறது.

1, 3 முகங்களின் அகலத்தைக் குறைக்க, அவற்றுக்குப் பக்கத்தில் இருக்கும் முகத்தைத் தேய்க்க வேண்டும். வெறுமை முகத்தைத் தேய்த்தால் அழியப் புள்ளியே கிடையாது. துணி சுற்றி வைஸில் பிடித்து, தட்டை அரத்தால் 0.3 மி.மீ. எடுத்தேன். கடைசி 0.1க்கு உப்புத்தாளைக் கண்ணாடித் துண்டின்மேல் ஒட்டி, கட்டையை அதன்மேல் வைத்து இழுத்தேன். முதலில் 220 எண் தாள், பிறகு 400. கையில் பிடித்துத் தேய்த்தால் முகம் வளைந்துவிடும், கண்ணாடி அவசியம். தேய்த்தபின் நான்கு முகமும் ஏறத்தாழச் சமமாக விழுந்தன.

உருட்டும் இடமும் முக்கியம். ஆத்தங்குடி டைல்ஸ் தரையில் கட்டை உருளாமல் சறுக்கிப் போகிறது. உள்ளங்கையில் எந்த முகம் மேலே இருந்ததோ அதுவே மேலே வந்து நிற்கும். கோரைப்பாயில் இடுக்கில் சாய்ந்து, எந்த முகம் என்று சண்டை வரும். நாலாக மடித்த ஜமுக்காளம்தான் சரிப்பட்டது.

எண்

இரண்டு கட்டையும் 16 விதமாக விழலாம். இரண்டும் வெறுமையானால் தாயத்தில் போலவே 12 என்று வைத்தேன், அது ஒரு வழியில்தான் வரும். 1 இரண்டு வழியில், 2 மூன்று, 3 நான்கு, 4 மூன்று, 5 இரண்டு, 6 ஒரு வழியில் வரும். விழுந்த எண்ணோடு பாத்திரத்தின் திறமையைக் கூட்டினால் காரியத்தின் கடினத்தைத் தொட வேண்டும். திறமை இல்லாதவனுக்குக் கடினம் 2 என்றால் வாய்ப்பு 14/16. கடினம் 3க்கு 11/16, 4க்கு 7/16, 5க்கு 4/16, 6க்கு 2/16. அதற்கு மேலே எதுவானாலும் 12 விழுந்தால்தான், அதாவது 1/16.

சுவரில் இதை எழுதி மாட்டியிருந்ததைப் பார்த்த பக்கத்து வீட்டு ஆச்சி, “பதினாறுல பதினொண்ணுன்னு என்னத்துக்கு நீட்டி முழக்குறே? அரையே மும்மாகாணின்னு சொல்லு தம்பி” என்றார். அவர் சொன்னபடியே மாற்றி எழுதினேன்: 14 என்றால் முக்காலே அரைக்கால், 7 என்றால் காலே மும்மாகாணி, 4 கால், 2 அரைக்கால், 1 மாகாணி. வட்டிக்கடைப் பையன்கள் தங்கள் வாய்ப்பை அந்தக் கடையின் வாய்ப்பாட்டிலேயே சொல்லத் தொடங்கியதும் ஆட்டத்துக்கு ஒரு களை வந்துவிட்டது.

ஒன்று மட்டும் இடித்தது. தாயம் ஆடிப் பழகிய பிள்ளைகளுக்கு 1 விழுந்தால் கொண்டாட்டம். என் கணக்கில் அதுதான் ஆகக் குறைந்த எண். “தாயம்!” என்று கத்திவிட்டுத் தோற்றோம் என்று கேட்கும்போது முகம் விழுந்துபோகிறது. இந்த உணர்ச்சியை விதியால் அடக்குவது தப்பு என்று பட்டது. இதற்கு வழி பின்னால் சோழியில் கிடைத்தது.

முதல் விதி, அதன் முறிவு

திறமைகள் ஐந்து: கணக்கு, பேச்சு, பர்மிய மொழி, மாற்று (உரைகல்லில் தங்கம் பார்ப்பது), கைவேலை. எல்லாம் 0இல் தொடக்கம். ஒவ்வோர் அமர்வு முடிவிலும் விருப்பமான ஒன்றில் 1 ஏற்றிக்கொள்ளலாம் என்பது முதல் விதி.

இது சீக்கிரமே முறிந்தது. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸில் உருளும் இருபது முகப் பகடையில் 1 கூடினால் வாய்ப்பு 5 சதவீதம்தான் கூடும். அதனால்தான் அந்த ஆட்டத்தின் 2014 பதிப்பில் தேர்ச்சிக்கான கூடுதல் +2இல் தொடங்கி, 20 நிலைகள் ஏறும் பயணத்தில் +6 வரை போனாலும் ஆட்டம் தாங்குகிறது. தாயக்கட்டையில் கடினம் 4க்கு எதிராகத் திறமை 0 என்றால் 7/16, திறமை 1 என்றால் 11/16, 2 என்றால் 14/16, 3 என்றால் 16/16. முதல் படியே 25 சதவீதம். மூன்று படியில் காரியம் நிச்சயமாகிவிடுகிறது.

பிள்ளைகள் எதிலும் தோற்காமல் போகவே, நான் கடினத்தை ஏற்றினேன். அவர்கள் ஒன்று ஏறினால் நானும் ஒன்று. ஆட்டம் மறுபடி சூடு பிடித்தது போல இருந்தது. பிறகு ஒருநாள், கைவேலையை 3 வரை கொண்டுவந்திருந்த அக்கா மகள் கேட்டாள்: “மாமா, இந்தக் கைப்பெட்டிப் பூட்டு முதல்ல நாலுதானே? இப்ப எப்படி ஏழாச்சு? வேற பூட்டா?”

வேறு பூட்டு இல்லை. அவள் மூன்று ஏறினாள், பூட்டும் மூன்று ஏறியிருந்தது. அவளுடைய வாய்ப்பு கடைக்கு வந்த முதல் நாள் இருந்த அதே 7/16. விடுமுறை முழுக்க அவள் கற்றுக்கொண்டது எல்லாம் அட்டையில் எண்ணாக இருந்ததே தவிர, ஆட்டத்துக்குள் எங்கேயும் இல்லை. பாத்திரம் வளர்வதாகச் சொல்லி, வளர்ச்சியை மறுகையால் வாங்கிக்கொள்ளும் விதி அது. கணினி விளையாட்டுகளிலும் இந்தக் கோளாறை நிறையப் பார்த்திருக்கிறேன். நேரில் ஒரு பிள்ளை கேட்டபோதுதான் அது எவ்வளவு பெரிய அநியாயம் என்று உறைத்தது.

பலகை

அன்றைக்கே ஒரு சார்ட் அட்டையில் எண்களை நிலையாக எழுதி வளவுத் தூணில் கட்டினேன். 2014 பதிப்பிலும் இதே வழிதான்: 5, 10, 15 என்று 30 வரை கடினங்கள் பெயரோடு நிற்கின்றன, ஆடுபவரின் நிலை ஏறினாலும் அவை ஏறுவதில்லை. எங்கள் பலகையில் அன்றாடக் குறிப்பைத் தப்பில்லாமல் கூட்டுவது 3. சாவியில்லாமல் கைப்பெட்டியைத் திறப்பது 4. உரைகல்லில் மாற்று சொல்வது 5. மூன்று வருடப் பேரேட்டில் விடுபட்ட ஒரு பற்றைத் தேடி எடுப்பது 6. ஐந்தொகையில் (கடையின் முழு இருப்புக் கணக்கில்) மேலாள் மறைத்ததை ஒரே இரவில் கண்டுபிடிப்பது 8. ஜி.எம். இந்த எண்களைத் தொடக்கூடாது என்று கீழே எழுதி, நானே கையெழுத்துப் போட்டேன்.

இதோடு சேர்ந்த விதி ஒன்று உண்டு, இது இல்லாவிட்டால் பலகையால் பயனில்லை. வாய்ப்பு 16/16 ஆகிவிட்டால் கட்டையைத் தொடவே கூடாது. காரியம் முடிந்தது என்று சொல்லி நகர வேண்டும். அடுத்த அமர்வில் அதே பூட்டு வந்தது. அவள் கட்டைக்குக் கை நீட்டினாள். “உருட்ட வேண்டாம், உனக்கு அது திறந்துடும்” என்றேன். கையை இழுத்துக்கொண்டு பக்கத்தில் இருந்த தம்பியைப் பார்த்தாள். அவன் இன்னும் 0. அவனுக்கு அதே பூட்டு காலே மும்மாகாணி. ஒரே எண் இருவருக்கும் வேறு வேறு பொருளாக நிற்பதை எல்லாரும் பார்த்தார்கள். பலகை நிலையாக இருந்ததால்தான் அது தெரிந்தது.

திறமை 4க்கு மேல் ஏறாது என்று வைத்தேன். கணக்கில் 4 உள்ளவருக்குக் கடினம் 8இன் வாய்ப்பு 7/16. புதுப் பையனுக்குக் கடினம் 4 எப்படியோ அப்படி. ஆக, தேர்ந்தவருக்குச் சவால் வேண்டுமானால் அதே வேலையின் எண்ணை ஏற்ற வேண்டியதில்லை, பெரிய வேலையைக் கையில் கொடுத்தால் போதும். அதற்குத்தான் பதவி. ஓர் அமர்வு ஓர் ஆண்டு. மூன்று அமர்வு ஒரு தவணை, ஏஜண்டுகள் மூன்றாண்டுத் தவணைக்குக் கப்பல் ஏறிய வழக்கப்படி. கணக்கு 2 ஆனால் அடுத்தாள். தவணை முடியும்போது கணக்கு 3ம் பேச்சு 2ம் இருந்தால் மேலாள்.

ஏறும் வேகம்

அமர்வுக்கு ஒன்று என்று ஏற்றுவதை நிறுத்தினேன். 1978இல் வந்த ரூன்குவெஸ்ட் என்ற ரோல்பிளே ஆட்டத்தில் ஒரு வழி இருக்கிறது: வென்ற திறமைக்கு அட்டையில் குறி போட்டுக்கொள்வார்கள், பிறகு சதவீதப் பகடையை (1 முதல் 100 வரை எண் தருவது) உருட்டி, இருக்கும் திறமையை விட மேலே விழுந்தால்தான் அது ஏறும். தெரிந்தது கூடக் கூட, மேலும் கற்பது அரிதாகும். இதைத் தாயக்கட்டைக்கு இறக்கினேன். குறி விழுந்த திறமைக்கு அமர்வு முடிவில் ஒரு வீச்சு. 0இலிருந்து 1க்கு ஏற 3 வேண்டும், 1இலிருந்து 2க்கு 4, 2இலிருந்து 3க்கு 5, 3இலிருந்து 4க்கு 6.

வென்றால் குறி என்று வைத்ததும் பிள்ளைகள் குறிக்காகவே காரியம் தேடினார்கள். ஒருவன் வழியில் கண்ட அரிசி மூட்டைக்கெல்லாம் கணக்குப் பார்க்கிறேன் என்று நின்றான். அதனால் குறியின் நிபந்தனையை மாற்றினேன்: கடினம், திறமையை விடக் குறைந்தது 3 கூட இருக்க வேண்டும், வென்றாலும் தோற்றாலும் குறி உண்டு, ஒரு திறமைக்கு அமர்வில் ஒரு குறிதான். சுலபமான வேலையில் பாடம் இல்லை என்பது பிள்ளைகளுக்குச் சொல்லாமலே புரிந்தது. திறமை 3 ஆனவள் தானாகவே கடினம் 6ஐத் தேடிப் போனாள்.

மிச்சம் இருந்தது துரதிர்ஷ்டம். 0இலிருந்து 4 வரை ஏற, ஒவ்வோர் அமர்விலும் குறி விழுந்தாலும்கூடச் சராசரியாக 16 அமர்வு ஆகும். அதில் பாதி கடைசிப் படிக்கே போய்விடும், 6 விழும் வாய்ப்பு அரைக்கால்தான் என்பதால். ஒரு பையனுக்கு ஏற்ற வீச்சு அடுத்தடுத்துத் தவறியபோது அட்டையைக் கவிழ்த்துவைத்துவிட்டான்.

இங்கேதான் சோழி வந்தது. ஏற்ற வீச்சு தவறினால் அந்தத் திறமைப் பெயரின்மேல் ஒரு சோழி வைக்கலாம். அடுத்த ஏற்ற வீச்சில் சோழிக்கு ஒன்று வீதம் கூடும். படி ஏறியதும் சோழியைப் பைக்குத் திருப்பிவிட வேண்டும். கடைசிப் படியின் வாய்ப்பு இப்போது பதினாறில் 2, 4, 7, 11, 14, 16 என்று ஏறுகிறது. ஆறாவது வீச்சுக்குமேல் யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. கணக்கிட்டுப் பார்த்தால் 16 அமர்வு என்பது ஏறத்தாழ எட்டரையாகக் குறைகிறது. ஒரு கோடை விடுமுறைக்குப் பொருத்தமான அளவு.

தாயத்துக்கும் இதுவே மருந்தானது. ஆட்டத்தின் நடுவே 1 விழுந்தால், காரியம் தவறினாலும் அந்தத் திறமைமேல் ஒரு சோழி, அமர்வுக்கு ஒருமுறை. இப்போது பிள்ளைகள் மறுபடி “தாயம்!” என்று கத்துகிறார்கள், கத்துவதற்குக் காரணமும் இருக்கிறது. ஆச்சி 5, 6, 12க்கு மறு ஆட்டம் கேட்டார். ஆடிப் பார்த்தோம், எண்கள் கூடிக் கூடிப் பலகையில் எதற்கும் பொருளில்லாமல் போயிற்று. 12க்கு மட்டும், எவ்வளவு கடினமானாலும் வெற்றி என்று நிறுத்திக்கொண்டோம்.

கடினம் எங்கிருந்து ஏறலாம்

பலகையைத் தொடக்கூடாது என்றால் கதை எப்படி இறுகும்? இரண்டே காரணங்களை அனுமதித்தேன்: உலகம் மாறுவது, ஆடுபவர் செய்தது.

முதலாவதுக்கு ஆண்டு அட்டைகள். அமர்வு தொடங்குமுன் அந்த ஆண்டின் அட்டையை எல்லாருக்கும் முன்னால் திருப்புகிறோம். பெகு பக்கத்துக் கிராமங்களில் கடன் வசூல் 1927 முதல் 1929 வரை கடினம் 4. 1930 அட்டையில் நெல் விலைச் சரிவு: வசூல் 6. அந்த ஆண்டு டிசம்பரில் தராவடியில் பர்மிய உழவர்களின் சாயா சான் கிளர்ச்சி தொடங்குகிறது. 1931இல் வசூல் 7. பேச்சு 2 உள்ள அடுத்தாளுக்கு வாய்ப்பு 14/16இலிருந்து 7/16க்கும், பிறகு 4/16க்கும் இறங்குகிறது. யாரும் என்னைப் பார்த்து முறைக்கவில்லை. நெல் ஏன் விழுந்தது என்று கேட்டார்கள். பூட்டு ஏன் ஏழாச்சு என்று கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. இதற்குப் பதில் இருந்தது.

இரண்டாவது, பகை. வசூல் ஆகாவிட்டால் நிலத்தை எழுதி வாங்கலாம். அதற்குக் கட்டையே வேண்டாம், நிச்சயம் கிடைக்கும். ஆனால் அந்தக் கிராமத்தில் அதன்பின் செய்யும் ஒவ்வொரு பேச்சுக்கும் கடினம் 1 கூடும், இறங்கவே இறங்காது. இந்த விதியை எழுத எனக்கு நிறைய நேரம் பிடித்தது. கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் 6 சதவீதமாக இருந்த செட்டியார் நிலம் 1938க்குள் 25 சதவீதமானது. கடன்பட்ட பர்மிய உழவனுக்கு அது என்னவாக இருந்தது என்பதை விட்டுவிட்டு, வெற்றிக்கதையாக மட்டும் பிள்ளைகளுக்கு இதைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஒருவன் போன கிராமத்திலெல்லாம் எழுதி வாங்கினான். சீக்கிரமே அவன் வாய் திறக்க ஒரு கிராமமும் மிச்சமில்லை. அக்கா மகள் கடனைக் கட்ட அவகாசம் கொடுத்துக்கொண்டே போனாள். கடையின் வரவு குறைந்தது, மேலாள் பதவி ஒரு தவணை தள்ளிப்போனது. யார் செய்தது சரி என்று இருவரும் சாப்பாட்டு நேரத்திலும் வாதாடினார்கள்.

செலவும் அடுத்த சுற்றும்

கட்டை 280, சோழி 80, உப்புத்தாள் 40, சார்ட் 25, 300 ஜி.எஸ்.எம். அட்டை வெட்டுக்கூலியோடு 120. மொத்தம் 545 ரூபாய். அரமும் வெர்னியரும் தெரிந்த பட்டறையில் இரவல்.

அடுத்த முறை பாத்திர அட்டையை ஏ6 அளவில் வெட்டமாட்டேன். சோழி வைத்தால் எழுத்து மறைகிறது, ஏ5 வேண்டும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் உருட்ட இன்னொரு ஜோடி கட்டையும் வாங்கவேண்டும். கைவேலை அந்தப் பூட்டைத் தவிர வேறெதற்கும் அதிகம் பயன்படவில்லை, அதை எடுத்துவிடுவேன். திறமை 0 உள்ளவன் 12 போட்டுக் கடினம் 8ஐ வெல்ல மாகாணி வாய்ப்பு இருப்பதும் கொஞ்சம் அதிகம். அப்படி விழுந்தால் முழு வெற்றிக்குப் பதில் ஒரு துப்பு மட்டும் கொடுக்கலாம் என்று இருக்கிறேன்.

புதுக் கதை 1941 டிசம்பர் 23இல், ரங்கூனில் ஜப்பானியர் குண்டு விழும் நாளில் தொடங்கும். பிறகு எல்லை ஊரான தமு வழியாக மணிப்பூருக்கு நடை. அதற்கு உடல் என்று ஒரு திறமை சேர்த்திருக்கிறேன். எல்லாருக்கும் 4இல் தொடங்கும், தவறும் ஒவ்வொரு நாள் நடைக்கும் ஒன்று குறையும், குறி போட்டு ஏற்ற முடியாது. நடையின் கடினத்தைச் சமவெளியில் 5, மலையில் 7 என்று பலகையில் எழுதிவிட்டேன். உடல் 4 உள்ளவருக்கு மலை 11/16, உடல் 2க்கு இறங்கியவருக்கு 4/16. ஒருவர் சுமையை இன்னொருவர் வாங்கினால் கடினம் எவ்வளவு நகரும் என்பதை மட்டும் இன்னும் முடிவு செய்யவில்லை. அதைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஆடிப் பார்த்துத்தான் எழுத வேண்டும்.